எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போறீங்களா? முதல்ல களப்பணியைப் பத்திக் கேளுங்க

“ஊருக்கு ஒத்தாசை செய்யதுக்கு எதுக்குட்டி ரெண்டு வருசம் காலேஜு?”

கல்லிடைக்குறிச்சியில் என் தோழி ஒருத்தி எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவளுடைய ஆச்சி கேட்ட கேள்வி இது. தோழி பி.காம். முடித்தவள். அவள் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். அரசுத் திட்டங்களைப் பற்றி தினமும் எழுதிக்கொண்டிருக்கிற எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. ஆச்சி கேட்டதில் நியாயமும் இருக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை கடந்து ஊருக்குள் வந்தபோது, தெருவுக்கே சோறு பொங்கிப் போட்டவர்கள் யாரும் அதற்காகப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்த விவரங்களைத்தான் இங்கே சொல்கிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் இருந்து இந்த வருடம் சமூகப்பணி முதுநிலைப் படிப்பில் சேர நினைக்கிறவர்களுக்கும், “இது என்ன படிப்பு, வேலை கிடைக்குமா?” என்று கேட்கிற அப்பா அம்மாக்களுக்கும் இது பயன்படும்.

முதலில் ஆச்சிக்குப் பதில். ஒரு 16 வயசுப் பையன் ஏதோ ஒரு தகராறில் மாட்டிக்கொண்டு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்தப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்க. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, அவன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் ஒரு சமூகப் புலனாய்வு அறிக்கை குழுமத்தின் கைக்கு வர வேண்டும். நன்னடத்தை அலுவலர் அதைத் தயாரிக்கணும்; அவர் இல்லாத இடத்தில் குழந்தைகள் நல அலுவலரோ சமூகப் பணியாளரோ தயாரிக்கணும். பையன் எந்த வீட்டில் வளர்ந்தான், பள்ளியை எப்போ விட்டான், ஏன் விட்டான், யாரோடு சுற்றினான், அன்றைக்கு என்ன நடந்தது, அவனைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பினால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று எல்லாம் அதில் வரணும். அறிக்கை எழுதுகிறவர் அவன் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை பேசிவிட்டு, “குடும்பச் சூழல் சரியில்லை” என்று மூணே வார்த்தையில் முடித்துவிட்டால் அந்த மூணு வார்த்தையோடுதான் அவன் அடுத்த கட்டத்துக்குப் போவான். அப்பா வேலைக்காகக் கேரளா போய் எட்டு மாதமாகப் பணம் அனுப்பவில்லை, பையன்தான் தம்பி தங்கைக்குச் சமைத்துப் போட்டான் என்ற விவரம் வெளியே வருவதற்கு, கேட்கத் தெரிந்த ஓர் ஆள் வேணும். அப்படிக் கேட்கிறதுக்கும், கேட்டதைத் தீர்ப்பு சொல்லாமல் எழுதுகிறதுக்கும் பயிற்சி வேணும். அந்த ரெண்டு வருசம் அதற்குத்தான்.

உதவி செய்யும் மனசு நம்ம ஊருக்குப் புதுசில்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கின்றன. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், விபத்தில் உடல் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய மையம். அவருக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் ‘சேவை’ என்பது தனி, ‘சமூகப்பணி’ என்ற தொழில்முறைக் கல்வி தனி. இந்தியாவில் அந்தக் கல்வி 1936-ல் மும்பையில் தொடங்கியது. இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று நாம் சொல்வதன் ஆரம்பம் அதுதான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது. நம்ம பக்கம் 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவான பிறகு, அதன் கீழ் வரும் சில கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு கிடைக்கிறது.

யார் சேரலாம்?

இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம், பி.காம்., பி.இ. எதுவும் சரி. பி.எஸ்.டபிள்யூ. படித்திருந்தால் நல்லது, ஆனால் கட்டாயம் இல்லை. குறைந்தபட்ச மதிப்பெண் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 50 சதவீதம் கேட்பது பரவலான வழக்கம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. சில இடங்களில் நுழைவுத் தேர்வு, சில இடங்களில் குழு விவாதமும் நேர்காணலும் வைப்பார்கள். நேர்காணலில் “ஏன் இந்தப் படிப்பு?” என்று கேட்டால் “சேவை செய்யணும்” என்று மட்டும் சொல்லிட்டு உட்காராதீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க.

அரசு வேலையையும் மனசில் வைத்திருக்கிறவர்கள் சேர்க்கைக்கு முன்னாலேயே ரெண்டு விஷயத்தைப் பார்க்கணும். ஒன்று, பத்து, பன்னிரண்டு, பட்டம், அதன்பின் முதுநிலை என்ற வரிசை. பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் சிக்கல் வரும். இரண்டாவது, பட்டத்தின் பெயர். ஒரு கல்லூரி ‘எம்.எஸ்.டபிள்யூ.’ என்று கொடுக்கும், இன்னொன்று ‘எம்.ஏ. சமூகப்பணி’ என்று கொடுக்கும், மூன்றாவது ‘எம்.ஏ. மனிதவள மேலாண்மை’ என்று கொடுக்கும். படித்த பாடம் பாதிக்கு மேல் ஒன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையில் குறிப்பிட்ட பட்டத்தின் பெயரும் உங்க சான்றிதழில் உள்ள பெயரும் வேறாக இருந்தால், இரண்டும் இணையானவை என்று சொல்லும் அரசாணையை நீங்கதான் காட்டணும். அதுவும் அறிவிக்கை வெளியான தேதிக்கு முன்பே வந்த அரசாணையாக இருக்கணும். படிப்பு முடித்து, தேர்வு எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் போய் இது தெரிவதைவிட, விண்ணப்பம் போடுகிற அன்றைக்கே “சான்றிதழில் என்ன பெயர் வரும்?” என்று அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. அஞ்சு நிமிஷ வேலை.

பாடத்திட்டம் ஏன் கல்லூரிக்குக் கல்லூரி மாறுது?

வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருக்கு, மருத்துவருக்கு மருத்துவ ஆணையம் இருக்கு. சமூகப்பணி முழுவதற்குமாக அப்படி ஒரு சட்டப்பூர்வ கவுன்சில் நம் நாட்டில் கிடையாது. மருத்துவமனை சார்ந்த ஒரு பகுதி மட்டும் தனி: 2021-ல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ சமூகப் பணியாளர்களும் மனநல சமூகப் பணியாளர்களும் இடம்பெற்றிருக்காங்க. மற்றபடி எதைப் பாடமாக வைப்பது, எவ்வளவு களப்பணி என்பதை எல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகமும் தன்னாட்சிக் கல்லூரியும்தான் முடிவு செய்கின்றன. பாடத்திட்டக் குழு கூடித் தயாரிக்கும், கல்விக் குழு ஒப்புதல் தரும். அதனால்தான் ஒரே பட்டத்தை வைத்திருக்கிற ரெண்டு பேர் ரெண்டு விதமாகப் பயிற்சி பெற்றிருப்பாங்க.

எல்லாருக்கும் பொதுவான அச்சு ஒன்று வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2001-ல் சமூகப்பணிக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றமும் 2023-24 கல்வியாண்டை ஒட்டி மாதிரிப் பாடத்திட்டங்களைக் கொண்டுவந்தது. விருப்பப் பாடங்கள், திறன் மேம்பாட்டுத் தாள், கோடை விடுமுறையில் உள்ளுறைப் பயிற்சி என்று அதில் வந்த விஷயங்களை இப்போ பல கல்லூரிகளின் தாள்களில் பார்க்கலாம். அடிப்படை மட்டும் பெரிதாக மாறவில்லை. தனிநபரோடு வேலை செய்வது, குழுவோடு வேலை செய்வது, ஒரு ஊரை, ஒரு தெருவை ஒன்று சேர்த்து வேலை செய்வது. இவற்றோடு நிர்வாகம், ஆய்வு, சமூக நடவடிக்கை. இந்த ஆறு முறைகள்தான் எம்.எஸ்.டபிள்யூ.வின் முதுகெலும்பு.

மாறியது சட்டங்கள். கல்லூரியின் பாடத்திட்டம் எவ்வளவு பழசு என்று கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி ரொம்ப எளிது. இணையதளத்தில் இருந்து பாடத்திட்டத்தை இறக்கி, மாற்றுத்திறனாளிகள் சட்டம் எந்த வருஷத்தது என்று பாருங்க. 1995 என்று இருந்தால் அது 7 வகைக் குறைபாடுகளை மட்டும் சொன்ன பழைய சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பது 2016 சட்டம், அதில் 21 வகைகள். அதேபோல மனநலச் சட்டம் 1987 என்று இருக்கா, 2017 என்று இருக்கா? இளைஞர் நீதிச் சட்டம் 2000-மா, 2015-ஆ? தொழிலாளர் சட்டத் தாளில் 29 பழைய சட்டங்களின் பட்டியல் மட்டும் இருக்கா, அல்லது 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த நான்கு தொகுப்புச் சட்டங்களும் இருக்கா? போக்சோ 2012, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, திருநர் சட்டம் 2019 இவை எங்காவது வருதா? நாளைக்கு ஓர் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் உட்கார்ந்து, அடிபட்டு வந்த ஒரு பெண்ணிடம் அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று சொல்லப் போகிறவர் நீங்க. ரத்தான சட்டத்தைப் படித்துவிட்டு அங்கே உட்கார முடியாது.

இன்னொரு மாற்றமும் பலரைக் குழப்புது. மானியக் குழு 2024-ல் வெளியிட்ட முதுநிலைக் கட்டமைப்பில் ஓராண்டு முதுநிலைப் படிப்பும் வருகிறது. அது நான்கு வருட ஆனர்ஸ் பட்டம் முடித்தவர்களுக்கு. மூன்று வருடப் பட்டம் வைத்திருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு எம்.எஸ்.டபிள்யூ. ரெண்டு வருடம், நான்கு செமஸ்டர்தான். “ஒரே வருஷத்தில் முடிச்சுத் தாரோம்” என்று யாராவது விளம்பரம் செய்தால் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்க.

களப்பணி: வகுப்பறைக்கு வெளியே 120 நாள்

மற்ற எம்.ஏ.க்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான். வாரத்தில் இரண்டு நாள், சுமார் 15 மணி நேரம், மாணவர் கல்லூரிக்கு வரமாட்டார். ஒரு மருத்துவமனைக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ, கிராமத்துக்கோ, இல்லத்துக்கோ போவார். ஒரு செமஸ்டருக்கு 15 வாரம் என்று கணக்குப் போட்டாலும் 30 நாள். நாலு செமஸ்டருக்கு 120 நாள். இதுபோக ஒரு வாரம், பத்து நாள் கிராமத்திலேயே தங்கும் ஊரக முகாம், கடைசியில் ஒரு மாதம் போல ஒரே இடத்தில் முழு நேரப் பயிற்சி. மாணவர்கள் வாயில் இது ‘ஃபீல்டு ஒர்க்’, ‘ரூரல் கேம்ப்’, ‘பிளாக் பிளேஸ்மென்ட்’. களப்பணியில் தேறவில்லை என்றால் மற்ற தாள்களில் எடுத்த மார்க் காப்பாற்றாது.

இதற்கு நம்ம ஆற்றுப் பள்ளத்தாக்கு மாதிரி இடம் கிடைப்பது கஷ்டம் என்று நான் நினைக்கிறேன், சொந்த ஊர்ப் பாசத்தைக் கழித்துவிட்டே சொல்றேன். மேலே பாபநாசம் மலையில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் காணி மக்களின் குடியிருப்புகள். கீழே இறங்கினால் விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளர் குடும்பங்கள், கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர்கள், பத்தமடையில் பாய் நெய்யும் பெண்கள், முக்கூடலில் பீடி சுற்றும் வீடுகள். பாளையங்கோட்டைக்கு வந்தால் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை, மத்திய சிறை, கூர்நோக்கு இல்லம். இன்னும் கிழக்கே போனால், 2023-ல் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய காயல்பட்டினம். ஒரு நூறு கிலோமீட்டர் சுற்றுக்குள் பழங்குடி, ஆலைத் தொழிலாளி, வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண், நோயாளி, சிறைவாசி, பேரிடரில் வீடிழந்தவர் என்று ஒரு சமூகப்பணி மாணவர் சந்திக்க வேண்டிய எல்லாரும் இருக்காங்க.

ஆனால் இடம் இருப்பது போதாது, பார்த்துச் சொல்லித் தர ஆள் வேணும். ஒரு சம்பவம். பீடி சுற்றும் கிராமம் ஒன்றுக்குக் களப்பணிக்குப் போன மாணவர் ஒருவர், ஒரு வீட்டில் பெண்ணிடம் பேச முயன்று முடியாமல் திரும்பி, தன் பதிவேட்டில் “பயனாளி ஒத்துழைக்கவில்லை” என்று எழுதினார். வாரந்தோறும் நடக்கும் தனிச் சந்திப்பில் மேற்பார்வை ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நீ எத்தனை மணிக்குப் போன?” சாயங்காலம் நாலு மணிக்கு. பீடிக் கடை மூடுவதற்குள் கட்டு முடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நேரம் அது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு எண்ணிக்கையை முடிக்கப் போராடிக்கொண்டிருந்தவளிடம் இவர் குடும்ப விவரம் கேட்டிருக்கார். அடுத்த வாரம் காலையில் போனார், அந்த அக்கா தானாகவே பேசினாள், மூத்த மகள் படிப்பை நிறுத்தினது உட்பட. முதல் வாரத்துப் பதிவு அப்படியே கையெழுத்தாகிப் போயிருந்தால் அந்தப் பிள்ளையைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்படிக் கேள்வி கேட்க ஆசிரியருக்கு நேரம் இருக்கணும். நாற்பது மாணவருக்கு ஒருவர் மேற்பார்வை என்றால் பதிவேட்டில் தேதி சரியா என்று பார்ப்பதோடு முடிந்துவிடும். ஆகவே சேர்வதற்கு முன்னால் கல்லூரியில் போன வருஷத்து மாணவர்கள் எந்தெந்த இடத்துக்குக் களப்பணிக்குப் போனாங்க என்ற பட்டியலைக் கேளுங்க. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், தனிச் சந்திப்பு வாரா வாரம் நடக்குதா என்று மூத்த மாணவர்களிடம் தனியாகக் கேளுங்க. “பிளேஸ்மென்ட் நூறு சதவீதம்” என்ற பதாகையைவிட இது முக்கியம். தொலைநிலையில் படிக்கிறவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. இக்னோவின் எம்.எஸ்.டபிள்யூ.விலும் களப்பணி உண்டு. களப்பணியே வேண்டாம், தேர்வு மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லும் எம்.எஸ்.டபிள்யூ., பெயருக்கு மட்டுமே எம்.எஸ்.டபிள்யூ.

ஒரு சின்னக் குறை எனக்கு உண்டு. பெரும்பாலான இடங்களில் பாடம் ஆங்கிலத்தில், பதிவேடும் ஆங்கிலத்தில். பேசுவதோ நம்ம நெல்லைத் தமிழில். “நெஞ்சு படபடன்னு அடிக்கி, ராத்திரி ஒறக்கமே இல்ல, எதுக்கெடுத்தாலும் ஏக்கமா இருக்கு” என்று ஒரு பெண் சொன்னதை, ஒரே ஓர் ஆங்கில வார்த்தையாகச் சுருக்கி எழுதும்போது பாதி விவரம் வழியிலேயே கொட்டிப் போகுது. சில ஆசிரியர்கள் பேச்சை அப்படியே தமிழில் எழுதி, குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறார்கள். நல்ல வழக்கம். அரசு வேலையில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை, 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணிக்கு எந்தத் தகுதி கேட்கிறார்களோ அதுவரை முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்குத்தான். முதுநிலைப் பட்டம் கேட்கும் பணிக்கு, ஆங்கில வழி எம்.எஸ்.டபிள்யூ.வை வைத்து அதைக் கோர முடியாது. இளநிலைப் பட்டம் மட்டும் கேட்கும் பணியென்றால், பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர் கோரலாம்.

எந்தப் பிரிவை எடுப்பது?

இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பிரிவு வரும். சமுதாய மேம்பாடு, மருத்துவ – மனநல சமூகப்பணி, மனிதவள மேலாண்மை, குடும்பம் மற்றும் குழந்தைகள் நலம் என்பவை வழக்கமானவை. “எதில் வேலை சீக்கிரம்?” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மனிதவளத்துக்குக் கூட்டம் அதிகம். தொழிற்சாலைச் சட்டம் 1948-ன்படி 500 தொழிலாளர்களுக்கு மேல் உள்ள ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று இருந்தது. புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கு. நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடணும் என்ற 2013 கம்பெனிகள் சட்ட விதிக்குப் பிறகு, அந்தப் பணத்தைத் திட்டமாக மாற்றத் தெரிந்தவர்களுக்கும் தேவை வந்தது. இது சமுதாய மேம்பாடு படித்தவர்களுக்கும் திறக்கும் கதவு.

கவனமாகப் படிக்க வேண்டிய இடம் மனநலப் பிரிவு. “மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் எடுத்தா நேரா சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் ஆகிடலாம்ல?” என்று என் தோழியும் கேட்டாள். ஆக முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ‘மனநல சமூகப் பணியாளர்’ யார் என்று தெளிவாகச் சொல்லுது: சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம், அதற்கு மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் அந்தப் படிப்பு இருந்துவருகிறது, இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இதற்கிடையில் 2022 நவம்பரில் வந்த விதிமுறைகளில் மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் விலக்குக் கொடுத்து, 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கையை 2024 தொடக்கத்தில் நீட்டித்தது. சட்டம் கேட்கும் தகுதியே எம்.ஃபில். என்பதால், இந்தப் பாதையில் போக நினைக்கிறவர்கள் எம்.எஸ்.டபிள்யூ. சேரும்போதும், முடிக்கும்போதும் மானியக் குழுவின் அப்போதைய அறிவிப்பைப் பார்த்துவிடணும். முதுநிலையில் ‘மனநலம்’ என்ற பெயர் இருப்பதை மட்டும் நம்பி நாலு வருஷத்துக்குத் திட்டம் போட்டால் நடுவழியில் நிற்க வேண்டி வரும். மருத்துவமனைகளில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இடையில் நின்று பேசுகிற மருத்துவ சமூகப் பணி வேறு, அதற்கு எம்.எஸ்.டபிள்யூ. போதும்.

குழந்தைகள் பக்கம் வேலை கூடிக்கொண்டு வருது. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 1098 உதவி எண், இல்லங்கள் எல்லாவற்றிலும் சமூகப்பணி படித்தவர்களுக்கு இடம் உண்டு. நிறைய பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையிலானவை, தொகுப்பூதியம். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்த சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளுக்கு நல அலுவலர் பணியிடங்களை உருவாக்கவும் பரிந்துரைத்தது. வகுப்பறையில் யார் யாரோடு உட்காருவதில்லை, கையில் என்ன நிறக் கயிறு கட்டுகிறார்கள் என்பதை எல்லாம் ஆசிரியருக்கு அப்பாற்பட்டு ஒருவர் கவனிக்கணும் என்ற தேவையை நம்ம மாவட்டம் கடினமான வழியில் தெரிந்துகொண்டது. பள்ளி சமூகப்பணியை விருப்பப் பாடமாக வைத்திருக்கிற கல்லூரி கிடைத்தால் அதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளலாம். சிறைத் துறைக்குச் சமூகப்பணி வல்லுநர்களை டி.என்.பி.எஸ்.சி. மூலம் எடுத்திருக்காங்க. கல்லூரி ஆசிரியராக விரும்பினால் ‘நெட்’ தேர்வில் சமூகப்பணி தனிப் பாடம்.

செலவு எவ்வளவு ஆகும்?

கல்லூரிக் கட்டணத்தை எல்லாரும் கேட்கிறார்கள், களப்பணிச் செலவை யாரும் கேட்பதில்லை. வாரம் இரண்டு நாள் பஸ், சாப்பாடு, பதிவேடு, முகாம் கட்டணம் எல்லாம் சேர்ந்து வரும். மாணவிகளுக்கு ஒரு வசதி: 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. களப்பணி ஊருக்கு நகரப் பேருந்து போகுதா என்று பார்த்து இடத்தைக் கேட்டு வாங்கினால் பெரிய மிச்சம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் முதுநிலைக்கும் தொடரும் என்று பலர் நினைக்கிறாங்க. அது இளநிலை வரைதான். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கணும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் தனித் திட்டம் இருக்கு, கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கேளுங்க. வருமானச் சான்றைச் சேர்க்கை நாளன்று தேடி ஓடாமல், பக்கத்து இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்க. சாதிச் சான்று பழைய கையெழுத்துப் பிரதியாக இருந்தால் அதையும் அப்போதே ஆன்லைன் சான்றாக மாற்றிக்கொள்வது நல்லது, உதவித்தொகை விண்ணப்பத்தில் அதன் எண்ணைக் கேட்பாங்க.